மூன்று உறைகள்

அத்தியாயம் 11

அப்பா போய் நான்கு மாதம் ஆகிவிட்டது. அவர் விட்டுவிட்டுப் போனது ஒரே ஒரு வீடு. பிள்ளைகளோ மூன்று பேர். நடுவில் சுவர் எழுப்பிப் பிரிக்கலாமென்றால் குளியலறை யார் பக்கம் போவது என்பதிலேயே ஒரு மாதம் ஓடிப்போனது. கடைசியில் வழி சொன்னவள் நடுப்பிள்ளையான பேராசிரியைதான்.

ஆளுக்கு ஓர் உறை. உள்ளே ஒரே ஒரு தொகை. யார் அதிகம் எழுதுகிறாரோ வீடு அவருக்கு. எழுதிய தொகையை மூன்றாகப் பிரித்து, மற்ற இருவருக்கும் ஆளுக்கொரு பங்கைக் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

"சண்டையே வராது" என்றாள். இருபத்தெட்டு வருடமாக ஏலத்தைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிறவள் சொல்லும்போது யார் என்ன பேசுவது? சின்னவன் உடனே தலையாட்டினான். பெரியவர் மட்டும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு "சரி" என்றார்.

அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவர் எவ்வளவு கஷ்டப்பட்டார் என்பது, உறையைக் கொடுக்க வேண்டிய வியாழக்கிழமை காலையில்தான் அவளுக்குத் தெரிந்தது.

பல்கலைக்கழகத்தில் அவள் அறை மூன்றாவது மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. எட்டரை மணிக்குக் கதவைத் தட்டிவிட்டு அண்ணன் உள்ளே வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"என்னண்ணா, போன் பண்ணியிருந்தா நான் கீழே வந்திருப்பேனே."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சு அடங்கியதும் கையை நீட்டி அவள் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி, காதில் மாட்டும் காம்பை இரண்டு விரலால் நிமிர்த்தி, சட்டை நுனியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். முப்பத்தைந்து வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவருக்கு எதிரில் யார் இருந்தாலும் முதலில் கண்ணில் படுவது காம்புதான்.

"வளைஞ்சு போயிருக்கு ஏலக்காய். படுத்துக்கிட்டே படிக்கறியா?"

ஏலத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்பது அவர் வாதம்.

"அதுக்காகவா மூணு மாடி ஏறி வந்த?"

"மூணு பேங்க் ஏறி எறங்கியாச்சு. மூணு மாடி என்ன."

"பேங்கா? எதுக்கு?"

"எதுக்குன்னா? எழுதணும்னா கையில இருக்கணும்ல. என்கிட்ட இருக்கறது பத்து லட்சம். நீ சொன்ன கணக்குப்படி அதை வெச்சு பதினஞ்சு வரைக்கும் எழுதலாம். சின்னவன் பதினஞ்சுக்கா விட்டுக்குடுப்பான்?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"முதல் இடத்துல வயசு கேட்டாங்க. அறுபத்திரண்டுன்னேன். அந்த ஆள் அப்பவே அடுத்தவரைக் கூப்பிட்டுட்டான். ரெண்டாவது இடத்துல சம்பளச் சீட்டு கேட்டாங்க. கடைக்காரனுக்கு யாரு சம்பளச் சீட்டு குடுப்பா, நானே எனக்கு எழுதிக்கிட்டாத்தான் உண்டு. மூணாவது இடத்துல ஒரு பொண்ணு. நல்லாத்தான் பேசினா. சரி, கொஞ்சம் ஆசை காட்டுவோமேன்னு, மத்தவங்களைவிட ரெண்டு வட்டி கூடவே குடுக்கறேம்மான்னேன். அதுக்கப்புறம்தான் அவ முகமே மாறிப்போச்சு."

பேராசிரியை கண்களை மூடிக்கொண்டாள். அந்தப் பெண்ணின் முகம் ஏன் மாறியது என்று அவளுக்குத் தெரியும்.

"கூட வட்டி தரேன்னு சொல்றவனைப் பார்த்தா கடன் குடுக்கறவங்களுக்கு பயம் வரும்ணா. இவன் திருப்பிக் கட்டற எண்ணத்துல இல்லையோன்னு தோணும். நல்லவன் கேட்டாலும் அப்படித்தான் தோணும்."

"ஓ. இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"புத்தகமே எழுதியிருக்கேன்."

அவர் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, குடை எடுத்து வந்தாயா என்று கேட்கிற குரலில் கேட்டார்:

"அப்ப உறை யோசனை சொன்னப்ப அது ஞாபகம் வரலையா?"

வரவில்லை. அதுதான் உண்மை. ஏலத்தைப் பற்றிய புத்தகங்கள் அவள் அலமாரியில் மேல் தட்டில் இருந்தன. கடன் கிடைக்காதவர்களைப் பற்றிய புத்தகம் கீழ்த் தட்டில் இருந்தது. ஒன்றை எழுதும்போது மற்றதைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு வந்ததே இல்லை. வேண்டியவருக்கே பொருள் போய்ச் சேரும், கையில் இல்லாதவர் கடன் வாங்கிக்கொள்வார் என்று முதல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மேலே போய்விடுவாள். கூடப் பிறந்த அண்ணனுக்கும் அதையே வைத்துக்கொண்டு மேலே போயிருக்கிறாள்.

"எனக்கு அந்த வீடு வேணும்னு ஆசையெல்லாம் இல்லம்மா" என்றார் அவர். "எனக்கு இருபதடி வேணும். கண் டெஸ்ட்டுக்கு உக்கார்ற நாற்காலியிலேருந்து எழுத்துப் பலகை வரைக்கும் இருபதடி. கடை வெச்சிருக்கற அந்த முன் ஹால்ல அது சரியா இருக்கு. வெளியில என்னால குடுக்க முடியற வாடகைக்குப் பத்தடி ரூம்தான் கிடைக்கும். எதிர்ல முகம் பார்க்கற கண்ணாடியை மாட்டி, பலகையை அதுல திருப்பிக் காட்டுன்னு சொல்றாங்க. இந்த வயசுல நான் எழுத்தைத் திருப்பிப் படிச்சுப் பழகணுமா?"

பின்னறையில் அப்பா பதினொரு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்ததையும், முன் ஹாலில் இவர் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இடையில் எழுந்து ஓடியதையும் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அண்ணா, நான் எழுதறேன். வீட்டை நான் எடுத்துக்கறேன். நீ இருக்கற இடத்துலயே இரு."

"வாடகை தருவேன்."

"ஒண்ணும் வேண்டாம்."

"உன்னால முடியுமா? அவ்வளவு இருக்கா?"

"அதை நான் பார்த்துக்கறேன்."

அவர் எழுந்தார். கதவருகில் நின்று ஒரு முறை அறையைச் சுற்றிப் பார்த்தார். ராத்திரி தூங்கியிருக்க மாட்டார் போலிருக்கிறது. போகும்போது மாடிப்படியில் அவர் காலடிச் சத்தம், வந்தபோது இருந்ததைவிட வேகமாகக் கேட்டது.

பத்து மணிக்கு அவளுக்கு வகுப்பு. பாடமும் அன்றைக்கு அதுதான். மூடிய உறை ஏலம்.

"ஒரு பொருள் உங்களுக்கு நூறு ரூபாய் பெறும்னா, உறைக்குள்ள நூறு எழுதாதீங்க" என்று சாக்பீஸால் பலகையைத் தட்டினாள். "நூறு எழுதி ஜெயிச்சா உங்களுக்கு மிஞ்சறது என்ன? சைபர். எதிராளி எவ்வளவு எழுதுவார்னு பாருங்க. அதுக்குக் கொஞ்சம் மேல நில்லுங்க. போதும்."

இருபத்தெட்டு வருடமாக அதே வரி. முதல் முதலில் விடியற்காலை மீன் ஏலக் கூடத்தில் குளிரில் நின்று, யார் எந்த விலையில் கையைக் கீழே போடுகிறார்கள் என்று நோட்டில் குறித்தாளே, அப்போது கண்டுபிடித்த வரி. பிறகு பேரத்துக்குப் போனாள். பழைய இயந்திரங்கள் விற்கிற கடைகளில் ஆறு மாதம் முக்காலி போட்டு உட்கார்ந்து, காத்திருக்க முடிந்தவனுக்குத்தான் பெரிய பங்கு என்று எழுதினாள். அதற்கும் பிறகு கடன். மூன்றுக்கும் பரிசு வாங்கினாள். நடுவில் கல்யாணம் ஒன்று நடந்து, ஏழே வருடத்தில் முடிந்தும் போனது. அந்தப் பிரிவினையில்கூடத் தனக்கு வரவேண்டியது குறையாமல் பார்த்துக்கொண்டாள் என்று உறவில் ஒரு பேச்சு உண்டு.

பன்னிரண்டு மணிக்கு அறைக்கதவைச் சாத்திவிட்டு வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தாள்.

அவளிடம் இருந்த சேமிப்பு அறுபது லட்சம். வீடு வந்தால் மூன்றில் இரண்டு பங்கை வெளியே கொடுக்க வேண்டும். அப்படியானால் தொண்ணூறு வரைக்கும் எழுதலாம். தொண்ணூறு என்று எழுதினாள்.

எழுதியதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சின்னவன் எவ்வளவு எழுதுவான்? கட்டட ஒப்பந்த வேலை அவனுக்கு. கையில் இரண்டு கட்டடம் நடக்கிறது. கலவை இயந்திரத்துக்குத் தவணை ஓடுகிறது. வாராவாரம் கூலி. எப்படிப் புரட்டினாலும் நாற்பத்துநாலுக்கு மேல் அவனால் திரட்ட முடியாது. அப்படியென்றால் அவன் எழுதக்கூடியது அறுபத்தாறு. அதற்கு மேல் ஆறு வைத்தால் எழுபத்திரண்டு. தாராளம். பன்னிரண்டு லட்சம் கையில் மிஞ்சும். அந்த வீட்டுக் கூரை மழைக்கு ஒழுகுகிறது. அண்ணனுக்குத்தானே கூரை மாற்றப் போகிறோம்?

தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்றில் எழுபத்திரண்டு என்று எழுதினாள். எழுதியபோது அவளுக்கு மனதில் ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது. கணக்கு ஒன்று மீதியில்லாமல் வகுபட்டால் வருமே, அந்தச் சந்தோஷம்.

நாக்கில் தடவி உறையை ஒட்டினாள்.

மூன்று மணிக்கு வக்கீல் அம்மாவின் அலுவலகம். குழி விழுந்த சோபாவில் பெரியவரும் சின்னவனும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எழுந்தால் இன்னொருவர் சரிந்துவிடுவார் என்பதால் இருவரும் அசையவில்லை. சின்னவன் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தான். செருப்பில் சிமெண்ட் காய்ந்து வெடித்திருந்தது.

"வயசு வரிசையில பிரிக்கறேன்" என்றார் வக்கீல் அம்மா. பேப்பர் வெட்டும் கத்தியை எடுத்தார்.

"பெரியவர். பதினஞ்சு லட்சம்."

பெரியவர் தலையை நிமிர்த்தியே வைத்திருந்தார்.

"பேராசிரியை. எழுபத்திரண்டு லட்சம்."

பெரியவரின் தோள் கொஞ்சம் இறங்கியது. நிம்மதி. அதை அவள் பார்த்தாள். பிற்பாடு அவளால் மறக்க முடியாமல் போனது அந்தத் தோள்தான்.

"சின்னவர்." வக்கீல் அம்மா தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினார். "எழுபத்தஞ்சு லட்சம்."

மூன்று தாள்களையும் மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

"சரியா பாருங்க மேடம்" என்றவன் சின்னவனேதான்.

"சரியாத்தான் இருக்கு. எழுத்துலயும் எழுதியிருக்கீங்க."

அவன் அக்காவைப் பார்த்தான். ஜெயித்தவனின் முகமாக அது இல்லை. "நான் வரும்னு நெனைக்கவே இல்லக்கா. மச்சான் கொஞ்சம் குடுக்கறேன்னான். சரி, இருக்கறதை எழுதுவோம், அக்கா எப்படியும் அதுக்கு மேலதான் எழுதும்னு நெனைச்சேன்."

மச்சான். அவன் மனைவியின் அண்ணன். அந்த ஆளை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

"நில்லு" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "வீட்டை எனக்கு விட்டுடு. தொண்ணூறுன்னு எழுதித் தரேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

சின்னவன் மெதுவாகக் கேட்டான்: "தொண்ணூறு எழுதற அளவுக்கு இருக்கா உன்கிட்ட?"

"இருக்கு."

"காலையிலயும் இருந்துதா?"

சோபாவின் மறு ஓரத்தில் பெரியவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். தூரத்து எழுத்தைப் படிக்க முயல்கிறவர்களைத் தினமும் பார்ப்பவர், இப்போது அவரே அப்படிக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"அப்ப ஏன் எழுபத்திரண்டு?" என்றான் சின்னவன். "சொல்லுக்கா. என்னை எவ்வளவுன்னு எடை போட்டு வெச்சிருந்த?"

"அப்படி இல்லடா."

"அறுபதா? அறுபத்தஞ்சா? இவன் என்ன பெரிசா பொரட்டிடுவான்னுதான?"

"அண்ணனுக்காகத்தான் கேக்கறேன். தொண்ணூறு கணக்குல பங்கை வாங்கிக்கோ."

"நீ தொண்ணூறுன்னா உன்கிட்ட நூத்தி இருபது இருக்கும். ஒண்ணு சொன்னா உள்ள ஒண்ணு வெச்சிருப்ப. நூத்தி முப்பது குடு, இப்பவே விட்டுடறேன்."

"சத்தியமா என்கிட்ட இல்ல."

"அதை நான் எப்படி நம்பறது?"

ஒரு முறை மறைத்தவர், பிறகு உள்ளதைச் சொன்னாலும் எதிராளி நம்பமாட்டான் என்று அவளே நாற்பது பக்கத்துக்குச் சமன்பாடு போட்டு நிரூபித்திருக்கிறாள். அதில் விடுபட்ட ஓட்டை ஒன்றும் கிடையாது.

"போதும்" என்றார் பெரியவர். வக்கீல் அம்மாவிடம் திரும்பி, "எங்க கையெழுத்து போடணும்?" என்று கேட்டார்.

"மூணு பேரும் போட்டாத்தான் பத்திரம் செல்லும். அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. அவசரம் இல்ல."

"எனக்கு அவசரம்."

அவர் போட்டார். சின்னவனும் போட்டான். பேராசிரியை தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "படிச்சுப் பார்த்துட்டுப் போடறேன்."

சாயங்காலம் அவள் அந்த வீட்டுக்குப் போனாள். பெரியவர் கடையைத் திறந்துதான் வைத்திருந்தார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் நாற்காலியில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, கடைசி வரியைத் தட்டுத் தடுமாறிப் படித்துக்கொண்டிருந்தார். பெரியவர் பொறுமையாக ஒவ்வொரு லென்ஸாக மாற்றி மாட்டினார். "இது தெளிவா? இல்ல முன்ன போட்டதா?" வாத்தியார் குழம்பினார். "பரவாயில்ல, நிதானமா சொல்லுங்க."

வாத்தியார் போனதும் லென்ஸ்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார். அவளை உட்காரச் சொல்லவில்லை. அவளாகவே உட்கார்ந்தாள்.

"இருந்ததை எழுதியிருந்தா வீடு வந்திருக்கும்" என்றார், நிமிராமலே.

"ஆமா."

"எவ்வளவு மிச்சம் பிடிச்ச?"

"பன்னிரண்டு."

"எதுக்கு?"

"கூரை மாத்தலாம்னு..."

"கூரை" என்றார். அதற்கு மேல் அந்தச் சொல்லை அவர் ஒன்றும் செய்யவில்லை. ஒரு லென்ஸைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடியும் துடைத்தார்.

"கோபம் இருந்தா திட்டிடுண்ணா."

"திட்டறதுக்கு என்ன இருக்கு? எனக்கு ஒண்ணுதான் புரியல. காலையில நான் கேட்டேன். நீ பார்த்துக்கறேன்னு சொன்ன. நான் நிம்மதியா எறங்கிப் போனேன். அதுக்கப்புறம் உக்கார்ந்து எழுதறப்ப நான் ஞாபகத்துக்கு வந்தேனா, வரலையா?"

"நீதான் ஞாபகத்துல இருந்த."

"இருந்தும் எழுபத்திரண்டு."

"இருபத்தெட்டு வருஷப் பழக்கம்ணா. கை தானா கொறைச்சு எழுதிடுச்சு."

"நான் பதினஞ்சு எழுதினேன். எழுதறப்ப வெக்கமாத்தான் இருந்துச்சு. அவன் மச்சான்கிட்டப் போய் நின்னு எழுபத்தஞ்சு எழுதினான். அவன் என்கிட்ட எதையும் பார்த்துக்கறேன்னு சொல்லல. அதனால அவன்மேல எனக்கு வருத்தம் இல்ல."

அவள் அழவில்லை. அழுதால் அதற்கும் அவர் எழுந்து தண்ணீர் கொண்டுவருவார். அதை அவளால் தாங்க முடியாது.

"என் வீட்டுக்கு வந்துடு."

"உன் ஹால் எத்தனை அடி?"

"பதினாலு."

அவர் பெட்டியை மூடினார். "பத்திரத்துல கையெழுத்து போட்டுடு. சின்னவன் பாவம். மச்சான் சும்மா குடுக்கல, வட்டிக்குத்தான் குடுத்திருக்கான். வீடு கைக்கு வந்து, இடிச்சு, கட்டி, வித்தாத்தான் அவன் மூச்சு விடமுடியும். இழுத்தடிச்சா நடக்கற ரெண்டு வேலையும் நின்னுடும். கூலிக்குக்கூட பணம் இருக்காது."

அவர் தம்பிக்காகப் பரிந்து பேசினார். அவளோ வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வட்டி. இரண்டு வேலை. வாரக் கூலி. அவள் தடுக்க நினைப்பதற்குள் அவை மனதுக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து வரிசையில் நின்றுவிட்டன. கையெழுத்துப் போடாமல் இருந்தால் அவன் இறங்கி வருவான். தொண்ணூறுக்கு வருவான். அண்ணனுக்கு இருபதடி மிஞ்சும். தம்பி என்று ஒருவன் அவளுக்கு இருக்கமாட்டான்.

"நாளைக்குப் போடறேன்ணா."

அவர் முதல்முறையாக நேராக அவள் கண்களைப் பார்த்தார்.

"கணக்கு போடறியா?"

"இல்ல."

"போடாதம்மா. எனக்காகப் போடாத. நான் எங்கயாவது போயிடறேன்."

தெருமுனை வரைக்கும் நடந்து, மருந்துக்கடை வெளிச்சத்தில் நின்று வக்கீல் அம்மாவுக்குப் போன் செய்தாள். இன்னும் மணி ஏழாகவில்லை. கடைக்குள் யாரோ சில்லறை கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் கையெழுத்து போடலைன்னா என்ன ஆகும்?"

மறுமுனையில் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஒண்ணும் ஆகாது. அப்படியே நிக்கும். கோர்ட்டுக்குப் போனா வருஷக்கணக்குல நிக்கும்" என்றார் வக்கீல் அம்மா. பிறகு தயங்கியபடி, "ஆனா உங்க தம்பியைப் பார்த்தா ரொம்ப நாள் தாங்கற மாதிரி தெரியலயே மேடம்" என்றார்.

"பதினெட்டு நாள் தாங்குவான்" என்றாள் பேராசிரியை.